கடைமடைக்கு எப்போது தண்ணீர்?

பாப்பிரெட்டிப்பட்டிக் கடைத்தெருவிலே ஒரு கணினிக் கடை. கண்முன் நிறுத்திப் பாருங்கள், தோழர்களே! நகல் எடுக்கும் இயந்திரம் ஒன்று, வயதான கணினி இரண்டு, சுவரெல்லாம் விண்ணப்பப் படிவங்களின் மாதிரி, மூலையிலே முனகிக்கொண்டே சுழலும் மின்விசிறி. மணி பத்து ஐம்பத்தைந்து. கடைக்காரரின் பக்கத்திலே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான் ஓர் இளைஞன். எர்ணாகுளத்திலே கட்டட வேலை. மாரியம்மன் பண்டிகைக்கு வந்தவன் மூன்று நாள் கூடுதலாகத் தங்கிவிட்டான் - தாய்க்குக் காய்ச்சல். நாளை இரவு சேலத்திலே வண்டி ஏறினால் வேலை உண்டு. ஏறாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார். ஆகவே தட்கல்!

மணி பதினொன்று. கடைக்காரர் பொத்தானை அழுத்துகிறார். திரையிலே ஒரு வட்டம் சுற்றத் தொடங்குகிறது.

"என்னங்கண்ணா ஆச்சு?"

"சுத்துதுப்பா."

"இன்னுமா?"

"இன்னும் சுத்துது. இரு... மறுபடியும் பாஸ்வேர்டு கேக்குது."

பதினொன்று இரண்டு. பதினொன்று மூன்று. நாலாவது நிமிடத்திலே வட்டம் நின்றது. "வெயிட்டிங் லிஸ்ட் காட்டுதுப்பா, போடட்டுமா?" என்று கடைக்காரர் கேட்கிறார். அந்த இளைஞன் என்ன சொல்வான்! அவன் பத்து மணிக்கே வந்து காத்திருந்தவன். அவனுக்கு முன்னால் அந்தக் கடையிலே ஒருவரும் இல்லை. முதல் ஆளாக வந்தவன் நூறாவது ஆளாக ஆனது எப்படி?

"எல்லாம் சர்வர் செய்த வேலை" என்று சொல்லித் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள் படித்தவர்கள். நாம் அப்படிப் போகக் கூடாது. அந்த வட்டம் சுற்றிய நாலு நிமிடத்திலே திரைக்குப் பின்னால் நடந்தது என்ன என்று பார்த்தாக வேண்டும். பார்ப்பதற்குப் பெரிய பட்டம் ஒன்றும் தேவையில்லை; வாணியாற்று மடையைப் பார்த்தவனுக்கு அது விளங்கும்.

முள்ளிக்காட்டுப் பக்கம் வாணியாறு அணையைப் பார்த்திருக்கிறீர்கள். சேர்வராயன் மலையிலே பெய்த மழை அங்கே வந்து தேங்குகிறது. அணையிலே தண்ணீர் இருக்கிறது என்பதற்காக மதகை முழுக்கத் தூக்கிவிடுகிறார்களா? இல்லை. வாய்க்கால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் விடுகிறார்கள். அதிகம் விட்டால் கரை உடையும். கரை உடைந்தால் முதல் வயலுக்கும் தண்ணீர் இல்லை, கடைசி வயலுக்கும் இல்லை. அளந்து விடுவது கஞ்சத்தனம் அல்ல, காப்பு! மடையைக் காத்தவனுக்கு மடையன் என்று பெயர் வந்தது என்று சொல்வாருண்டு. அது உண்மையானால், ஊரைக் காத்தவன் பெயரையே வசவாக ஆக்கிக்கொண்ட புத்திசாலிகள் நாம்!

இணையத்திலே இருக்கும் ஒவ்வொரு சர்வரும் இப்படி ஒரு வாய்க்கால்தான். ஒரு நேரத்திலே இத்தனை பேரைத்தான் தாங்கும்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். ஒரு கணினி மற்றொன்றோடு பேசத் தொடங்குமுன் மூன்று சொல் பரிமாறிக்கொள்கிறது. 'பேசலாமா?' என்று இது கேட்கும். 'பேசலாம், கேட்டது நீதானே?' என்று அது கேட்கும். 'நானேதான்' என்று இது சொல்லும். பிறகுதான் பேச்சு. இதிலே சங்கடம் எங்கே என்றால், இரண்டாவது சொல்லைச் சொன்னதுமே சர்வர் அந்த விருந்தாளிக்கு ஓர் இலையைப் போட்டுவிடுகிறது. மூன்றாவது சொல் வரும்வரை அந்த இலையை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் காத்திருக்கிறது. கல்யாணப் பந்தியிலே இருபது இலை. இருபது பேர் 'இதோ வருகிறோம்' என்று குரல் கொடுத்துவிட்டு வராமலே போனால்? இலை காலி, பந்தியோ நிறைந்தது! வாசலிலே பசியோடு நிற்பவனுக்கு இடமில்லை!

இது கதையல்ல. 1996ஆம் ஆண்டு செப்டம்பரிலே நியூயார்க் நகரத்து இணைய நிறுவனமான பேனிக்ஸ் இப்படித்தான் முடக்கப்பட்டது. பொய் முகவரி போட்ட 'பேசலாமா?'க்கள் வந்து குவிந்தன. பதில் எந்த முகவரிக்குப் போனதோ அங்கிருந்து மூன்றாவது சொல் வரவேயில்லை. இலைகள் அத்தனையும் பேய்களுக்கு! அந்த மாதத்திலேயே டேனியல் பெர்ன்ஸ்டைன் என்பார் ஒரு மாற்று சொன்னார். இலையை முன்கூட்டியே போடாதே, 'பேசலாமா?' என்றவன் கையிலே முத்திரை குத்திய ஒரு சீட்டைக் கொடுத்தனுப்பு. அந்தச் சீட்டோடு திரும்பி வருபவனுக்கு இலை போடு. பொய் முகவரிக்காரன் கையிலே சீட்டு சேராது, அவன் திரும்பி வரவும் மாட்டான். எவ்வளவு எளிய யோசனை! நம் ஊர்ப் பந்தி விசாரிப்புக்காரர் யாரையாவது கேட்டிருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் மெய்யான முகவரியோடு வந்து, மூன்று சொல்லையும் முறையாகச் சொல்லி, நொடிக்கு ஆயிரம் தடவை கதவைத் தட்டுகிறவனை என்ன செய்வது? அவனுக்காக வந்ததுதான் வில்லைப் பானை. வாசலிலே ஒரு பானை, அதிலே பத்து வில்லை. உள்ளே போகிறவன் ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு போகவேண்டும். நொடிக்கு ஒரு வில்லை வீதம் பானையிலே புதிதாக விழும். நிறைந்துவிட்டால் மேற்கொண்டு சேராது. பத்துப் பேர் ஒரேயடியாக வந்தால் போகலாம். பதினோராவது ஆள் ஒரு நொடி நிற்கவேண்டும். அவசரக்காரன் ஆயிரம் தடவை தட்டினாலும் நொடிக்கு ஒன்றுதான். மிச்சத்துக்கெல்லாம் ஒரே பதில் - 429. 'அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டாய்' என்பதற்கு இணையத்தார் 2012இலே வைத்த எண் அது.

அளவு வேண்டாம், எல்லோரும் வரட்டும் என்று சொல்லிவிட முடியாது, தோழர்களே. காலம் அப்படி இருக்கிறது. 2023 ஆகஸ்டிலே கூகுள் நிறுவனத்தின் சர்வர்கள் மீது நடந்த தாக்குதலிலே நொடிக்கு 39 கோடியே 80 லட்சம் தட்டல்கள்! 2011 கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டின் மக்கள் தொகை 7 கோடியே 21 லட்சம். கைக்குழந்தையிலிருந்து கிழவர் வரை அத்தனை பேரும் நொடிக்கு ஐந்து தடவை தட்டினால்கூட அந்த எண் வராது. மடை இல்லாமல் எந்த ஏரியும் தப்பாது.

ஆக, மடை வேண்டும். அதிலே எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை வேறு இடத்திலே. பானையிலிருந்து வில்லை எடுக்கிறானே, அவனை எதை வைத்து எண்ணுகிறாய்? ஆளை வைத்தா, வீட்டை வைத்தா, தெருவை வைத்தா?

2021ஐ நினைத்துப் பாருங்கள். மறக்கக்கூடிய ஆண்டா அது! ஆக்சிஜனுக்காக மருத்துவமனை வாசல்களிலே ஜனங்கள் தவித்த ஆண்டு. ஏப்ரல் 28ஆம் நாள் மாலை 4 மணிக்கு, 18 வயதுக்கு மேற்பட்டோர் தடுப்பூசிக்குப் பெயர் பதியலாம் என்று கோவின் தளத்தைத் திறந்தது ஒன்றிய அரசு. நிமிடத்துக்கு 27 லட்சம் தட்டல்கள் வந்தன என்று அவர்களே சொன்னார்கள். தளம் தடுமாறிற்று, பிறகு எழுந்து நின்றது; அன்று ஒரே நாளிலே 1 கோடியே 30 லட்சம் பேருக்கு மேல் பதிந்தார்கள். நல்லது. ஆனால் பெயர் பதிந்தவனுக்கெல்லாம் ஊசி இல்லை. எந்த மையத்திலே, எந்த நாளிலே, எத்தனை ஊசி என்று தளத்திலே அவ்வப்போது காட்டுவார்கள். காட்டிய சில நொடிகளிலே தீர்ந்துவிடும்.

யார் எடுத்தது? நிரல் எழுதத் தெரிந்த நகரத்து இளைஞர்கள். குற்றம் சொல்லவில்லை, பலர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள் - அக்கம்பக்கத்தாருக்கு உதவ! அவர்கள் எழுதிய நிரல் கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு தடவை கோவின் கதவைத் தட்டி 'வந்துவிட்டதா? வந்துவிட்டதா?' என்று கேட்கும். வந்ததும் கைப்பேசியிலே மணி அடிக்கும். பொம்மிடிச் சந்தையிலே மூட்டை தூக்குகிறவனுக்கு எந்த மணி அடித்தது?

இதைத் தடுக்கவென்று வரம்பு போட்டார்கள். ஒரு முகவரியிலிருந்து 5 நிமிடத்துக்கு 100 தடவை மட்டுமே கேட்கலாம் என்று விதி. அதோடு, வெளியாருக்குக் காட்டும் கணக்கு அரை மணி நேரம் வரை பழசாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். பார்த்தால் நியாயம் போலத் தெரிகிறது. எல்லோருக்கும் 100! சமம்!

சமம்தானா?

முகவரி என்பது என்ன என்று பார்த்தால் சாயம் வெளுக்கும். இணையத்திலே கணினிகளுக்கு எண்களால் ஆன முகவரி உண்டு. பழைய முறையிலே இருக்கக்கூடிய முகவரிகள் மொத்தம் ஏறக்குறைய 430 கோடி. உலக மக்களோ 800 கோடிக்கு மேல். பற்றாது அல்லவா? பற்றாதபோது பங்கு எப்படிப் போட்டார்கள்? முன்னால் வந்தவன் வேலி போட்டுக்கொண்டான்! அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்று ஒரு கல்விக்கூடம். அந்த ஒரு கல்விக்கூடத்துக்கு 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் இருந்தன. 2017இலேதான் அதிலே பாதியை விற்க அது முடிவு செய்தது. நமக்குப் பங்கு கேட்கும் வயது வந்தபோது களஞ்சியம் காலி. 2011 பிப்ரவரியிலே உலகக் கையிருப்பின் கடைசிப் பொட்டலத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். புறம்போக்கையெல்லாம் முன்னாலேயே பட்டா போட்டுக்கொண்டவன் கதை நமக்குப் புதிதா!

முகவரி பற்றாத நாட்டிலே கைப்பேசி நிறுவனங்கள் என்ன செய்தன? ஒரே முகவரியின் பின்னால் நூற்றுக்கணக்கான, ஏன் ஆயிரக்கணக்கான கைப்பேசிகளை நிறுத்திவைத்தன. ஒரு பெரிய காம்பவுண்டு, உள்ளே நூறு குடித்தனம், வாசலிலே ஒரே கதவு எண் - அப்படி. நீங்கள் வயல் வரப்பிலே நின்று கைப்பேசியைத் தொடுகிறீர்கள். பக்கத்து ஊரிலே ஒருவன் தொடுகிறான். அரூரிலே ஒருத்தி தொடுகிறாள். மூவரும் மூன்று பேர். மடைக்காரன் கண்ணுக்கோ மூவரும் ஒரே ஆள்!

இப்போது அந்த 'எல்லோருக்கும் 100' என்ன ஆகிறது? காம்பவுண்டுக்குள் இருக்கும் முதல் நாற்பது பேர் நூறு வில்லையையும் தீர்த்துவிட்டால் நாற்பத்தோராவது ஆள் வாய் திறக்குமுன்பே அவனுக்கு 'அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டாய்' என்று பதில். அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே! பெங்களூரிலே குளிரூட்டிய அறையிலே இருக்கும் நிரல்காரனோ, மணிக்குச் சில ரூபாய் வாடகைக்கு ஐம்பது கணினிகளை அமர்த்திக்கொள்கிறான். ஐம்பது கணினி, ஐம்பது முகவரி, ஐந்து நிமிடத்துக்கு ஐயாயிரம் வில்லை. ஒருவனுக்கு ஐயாயிரம், ஓர் ஊருக்கு நூறு! விதியை எழுதியவர் வஞ்சகர் என்று நான் சொல்லவில்லை. அவர் தம் வீட்டையும் தம் தெருவையும் நினைத்து எழுதினார்; அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு கம்பி, ஒரு முகவரி. காம்பவுண்டிலே நூறு குடித்தனம் வாழும் என்பது அவர் கண்ணிலே படவில்லை. படாததுதானே நோய்!

புது முறை முகவரிகள் வந்துவிட்டன, அவற்றுக்குப் பஞ்சமே இல்லை, இந்தியா அந்த முறைக்கு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உண்மைதான். ஆனால் அந்த முறையிலே ஒரே ஆள் கோடி முகவரியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வரலாம். முகவரியை எண்ணும் மடைக்காரனுக்கு அங்கேயும் ஏமாற்றமே.

மொழிக் கதவு ஒன்றும் அங்கே இருந்தது. 2021 ஜூன் தொடக்கத்திலே கோவின் தளத்திலே இந்தியோடு மலையாளம், தெலுங்கு, கன்னடம், மராத்தி, வங்காளம் என்று மொழிகளைச் சேர்த்தார்கள். தமிழ் இல்லை! தமிழ்நாட்டிலே குரல் எழுந்தது, மாநில அரசு கேட்டது, அதன்பிறகே தமிழ் வந்தது. நொடியிலே தீரும் ஊசிக்கு, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும் நேரம் எத்தனை நொடி? அதுவும் ஒருவகை மடைதான், யாரும் கணக்கிலே எழுதாத மடை.

இதையெல்லாம் உச்ச நீதிமன்றமும் அந்த ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் ஆணையிலே சுட்டிக் காட்டிற்று. இணையம் எட்டாதவனை விட்டுவிட்டு எல்லோருக்கும் ஊசி என்பது எப்படி என்று கேட்டது. ஜூன் நடுவிலே, முன்பதிவு கட்டாயமில்லை, நேரே வந்து போட்டுக்கொள்ளலாம் என்று ஒன்றிய அரசு தெளிவுபடுத்திற்று. மதகை இணையத்திலிருந்து மண்ணுக்கு இறக்கிய பிறகுதான் கடைசி வயலுக்கு ஈரம் வந்தது.

ஊசி முடிந்தது, ரயில் முடியவில்லை. கடையிலே உட்கார்ந்திருக்கிறானே நம் இளைஞன், அவனிடம் திரும்புவோம்.

2025 ஜூனிலே ரயில்வே அமைச்சகம் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். முன்பதிவு திறக்கும் முதல் 5 நிமிடத்திலே உள்ளே நுழைய முயல்வதில் பாதி வரை மனிதர்கள் அல்லவாம்! இயந்திரங்களாம்! சந்தேகத்துக்குரிய 2 கோடியே 50 லட்சம் கணக்குகளை முடக்கினார்களாம். 2025 மே 22ஆம் நாள் காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்திலே 31,814 டிக்கெட்டுகள் பதிவாகின. அதுவரை காணாத எண் என்று பெருமையோடு சொன்னார்கள். பெருமைதான். ஆனால் பாருங்கள், நொடிக்கு ஐந்நூறுக்கு மேல்! கடைக்காரர் பெயரை அடித்து, வயதை அடித்து, கட்டம் போட்ட எழுத்தைப் படித்து, பணம் கட்டி முடிப்பதற்குள் பல ஆயிரம் டிக்கெட் போய்விட்டது. வட்டம் சுற்றியதன் பொருள் இப்போது விளங்குகிறதா? அந்த இளைஞனுக்கு முன்னால் கடையிலே ஒருவரும் இல்லை. கதவிலே கூட்டம் இருந்தது, அதிலே பாதி பேய்!

பிறகு செய்த மாற்றங்களை நான் குறை சொல்ல மாட்டேன், திசை சரியானது. 2025 ஜூலை 1 முதல் ஆதாரால் உறுதி செய்த கணக்குக்காரர்களுக்கு மட்டுமே இணையத்திலே தட்கல் என்றார்கள். அந்த மாதம் 15 முதல் கைப்பேசிக்கு வரும் குறி எண்ணும் வேண்டும் என்றார்கள். முகவர்கள் முதல் அரை மணி நேரம் - குளிர்ப்பெட்டிக்கு 10 முதல் 10.30 வரை, சாதாரணப் பெட்டிக்கு 11 முதல் 11.30 வரை - தட்கல் பக்கம் வரக்கூடாது என்றார்கள். அக்டோபர் 1 முதல் சாதாரண முன்பதிவின் முதல் 15 நிமிடத்துக்கும் ஆதார் விதியை நீட்டினார்கள். உச்ச நீதிமன்றமும் அந்த ஆண்டு ஜனவரியிலேயே, பொய்க் கணக்குகள் வைத்து இணைய டிக்கெட் வியாபாரம் செய்வது ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி குற்றமே என்று தீர்ப்பளித்திருந்தது. மூன்றாண்டு வரை சிறை தரக்கூடிய பிரிவு அது. கதவு எண்ணை எண்ணுவதை விட்டு ஆளை எண்ணத் தொடங்கினார்கள் என்பதுதான் இதிலே சாரம்.

ஆனால் ஆளை எண்ணும்போதும் எந்த ஆளை நினைத்து எண்ணுகிறாய் என்ற கேள்வி கூடவே வருகிறது. நம் இளைஞனின் ஆதாரிலே இருக்கும் கைப்பேசி எண் எது? திருப்பூரிலே பனியன் கம்பெனியில் இருந்தபோது வாங்கிய எண். அது செத்து இரண்டாண்டு. ஓசூரிலே ஒன்று, எர்ணாகுளத்திலே ஒன்று. வேலை தேடி ஊர் ஊராய்ப் போகிறவன் எண்ணை மாற்றாமல் இருக்க முடியுமா? குறி எண் போய்ச் சேர்வது வேறு எவனுடைய கைப்பேசிக்கோ! எண்ணை மாற்றிப் பதிய ஆதார் மையத்துக்குப் போனால், ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு மணி நேர அலுப்பு. இவனுக்கு ஒரு நாள் சோறு. அவனாகவே பதியத் தெரியாததால்தானே கடைக்காரரிடம் வந்தான்? கடைக்காரர் முகவர் என்றால் அரை மணி நேரம் கை கட்டி நிற்க வேண்டும். முகவர் இல்லையென்றால், தம் சொந்தக் கணக்கிலே போட்டுக் காசு வாங்கினால் 143! கொள்ளையனை மறிக்கப் போட்ட வேலி, எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவனுக்கு எழுதிக் கொடுக்கிறவனையும் மறித்துவிட்டது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பொறியியல் கல்லூரியின் பக்கம் போகாத நான் சொல்லலாமா என்று எண்ணாதீர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னே உத்திரமேரூரிலே கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்களே! பராந்தக சோழன் காலத்திலே ஊர் வாரியங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க, ஓலையிலே பெயர் எழுதிக் குடத்திலே போட்டு, விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அந்தத் தேர்தலிலே நிற்கும் தகுதி யாருக்கு இருந்தது, நிலமில்லாதவன் பெயருக்கு ஓலை உண்டா என்று கேட்டால் அது வேறு பெரிய கதை. சோழர் காலத்தைப் பொற்காலம் என்று பாடுவோரிடம் அதைத் தனியே பேசிக்கொள்ளலாம். குடம் நல்ல குடம். அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பதினொரு மணிக்கு மதகைத் திறந்து 'ஓடு, முந்தியவனுக்குத் தண்ணீர்' என்பதை நிறுத்துங்கள். பதினொன்றிலிருந்து பதினொன்று பத்து வரை வருகிற அத்தனை பேரின் பெயரையும் குடத்திலே போடுங்கள். ஆளுக்கு ஓர் ஓலை. பதினொன்று பத்துக்குக் குலுக்கி எடுங்கள். நொடியிலே வந்தவனும் ஒன்பதாவது நிமிடத்திலே வந்தவனும் சமம். வேகமாகத் தட்டி என்ன பயன்? நொடிக்கு ஆயிரம் தட்டும் நிரலுக்கு வேலையே இல்லை! மடைக்கு வந்து மோதும் வெள்ளமும் தானே தணியும்; ஒரே நொடியிலே வந்து விழுந்த கூட்டம் பத்து நிமிடத்துக்குப் பரவிவிடும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளியிலே 25 விழுக்காடு இடத்துக்கு விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தானே? வீட்டு வசதி வாரிய மனைக்குக் குலுக்கல்தானே? ரயிலுக்கு ஏன் கூடாது?

ஒருவன் நூறு ஓலை போடமாட்டானா என்றால், போடுவான். அதற்காகத்தான் ஆளை உறுதி செய்வது. அந்த உறுதிப்பாடு செத்துப்போன கைப்பேசி எண்ணை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. முன்பதிவுக் கவுண்டரிலே அடையாள அட்டையைக் காட்டினாலும் அவன் பெயர் அதே குடத்திலே விழவேண்டும். இ-சேவை மையத்திலே விரல் ரேகை வைத்தாலும் விழவேண்டும். கணினிக் கடைக்காரருக்கும் உரிமம் கொடுத்து, ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு, இன்ன கட்டணத்துக்கு என்று வரம்பு கட்டி, அவரையும் அரை மணி நேரம் நிறுத்தாமல் குடத்தருகே விடவேண்டும். மடை பலவாக இருக்கட்டும், ஏரி ஒன்றுதான்.

'இதெல்லாம் செய்தால் எல்லோருக்கும் படுக்கை கிடைத்துவிடுமா?' என்று ஒரு நண்பர் கேலியாகக் கேட்டார். கிடைக்காது. மடையைச் சீர்செய்தால் ஏரி நிறையாது என்று எனக்கும் தெரியும். வண்டியிலே எத்தனை படுக்கையோ அத்தனைதான். இரவு முழுக்கப் போகும் வண்டிகளிலே முன்பதிவில்லாப் பெட்டியைக் கூட்டு, ஏழை ஏறும் படுக்கைப் பெட்டியைக் குறைக்காதே, நம் பகுதி நிலையங்களிலே நிற்காமல் பறக்கும் வண்டிகளிலே சிலவற்றையாவது நிறுத்து என்பதெல்லாம் தனிப் போராட்டம். அதை விட்டுவிட்டு வட்டத்தை மட்டும் சரிசெய்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நூறு படுக்கைக்கு ஆயிரம் பேர் இருக்கும்போது, கிடைக்காத தொள்ளாயிரம் பேர் யார் என்பதை எவன் முடிவு செய்கிறான்? இப்போது ஒரு நிரல் முடிவு செய்கிறது. அதை எழுதியவனுக்கு பாப்பிரெட்டிப்பட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

மணி பதினொன்று முப்பது. கணினிக் கடையிலே அடுத்த ஆள் வந்துவிட்டார், வருமானச் சான்றிதழுக்கு. இளைஞன் ஸ்டூலை விட்டு எழுந்து, வாசற்படியிலே நின்று கைப்பேசியில் மேஸ்திரியை அழைக்கிறான். "டிக்கெட் கிடைக்கலீங்க. நாளைக்கு ராத்திரி ஜெனரல்ல நின்னுட்டே வந்துடறேன். ஆளைப் போட்டுறாதீங்க" என்கிறான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரிங்க, சரிங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, சேலம் பேருந்து எத்தனை மணிக்கு என்று கடைக்காரரைக் கேட்கிறான்.